சிலுவைக் கோயிலைக் கட்டியவர் யாவர்?

யாழ்ப்பாணக் கோட்டையினுள்ளே இருந்த ஒல்லாந்தத் தேவாலயத்தைப் பற்றி எமது மாணவர் அறிந்திருப்பது பெரும்பாலும் ஒரேயொரு வாக்கியமே: “ஒல்லாந்தர் 1706ஆம் ஆண்டில் கோட்டைக்குள் ஒரு தேவாலயத்தைக் கட்டினர்.” பரீட்சைக்கு இவ்வளவு போதும். புள்ளியும் கிடைத்துவிடும். சென்ற தவணையில் மாணவர் சிலரைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். இடிந்த சுவர்களின் அருகே நின்று இவ்வாக்கியத்தை நானும் ஒப்புவித்தபோது, ஒரு மாணவன், “சேர், ஒல்லாந்தர் எத்தினை பேர் இஞ்ச இருந்தவை? இவ்வளவு கல்லையும் அவையளே சுமந்தவை?” என்று கேட்டான். மற்றையோர் சிரித்தனர். கேட்டவன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. பல ஆண்டுகளாக வரலாற்றை வகுப்பிலே பேசிவந்த ஒருவனுக்கு அந்தக் கேள்வி ஏன் முன்னரே தோன்றவில்லை என்ற வெட்கமே வந்தது.

அக்கேள்விக்கு அன்று நான் கூறிய விடை அரைகுறையானது. அதனைச் சற்று விரித்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒல்லாந்தர் வருவதற்கு முன்னரேயே அவ்விடம் வெற்றுநிலமாக இருக்கவில்லை. யாழ்ப்பாண இராச்சியம் வீழ்வதற்கு முன்பே பிரான்சிஸ்கன் துறவிகள் இக்கடற்கரையிலே ஒரு கோயிலை அமைத்திருந்தனர். அற்புத மாதா கோயில் என்று அது பெயர்பெற்றது. அப்பெயருக்குக் காரணமான மாதாவின் திருவுருவத்தை 1614ஆம் ஆண்டளவிலே செதுக்கியவன் இந்நாட்டுச் சிற்பி ஒருவன், அவன் கிறிஸ்தவனுமல்லன். அன்னக்குட்டி என்று படிக்கத்தக்க அவனுடைய பெயரைத் துறவிகள் தம் குறிப்புகளிலே எழுதிவைத்தனர். சைவக் குடியிற் பிறந்த ஒரு தச்சனின் உளி கத்தோலிக்க மாதாவை வடித்தது என்பது சுவையான செய்திதான். ஆயினும் நாம் இங்கு மனத்திற் கொள்ளவேண்டியது வேறொன்று. இக்கோட்டையின் கட்டட வரலாற்றை, அதன் நானூறு ஆண்டுப் பதிவுகளைப் புரட்டினால், தன் கையால் வேலைசெய்த தமிழன் ஒருவனின் பெயர் இவ்வாறு வெளிப்படையாக வருவது மிக அரிது. அன்னக்குட்டிக்கும் அப்பெயர் தங்கியதற்குக் காரணம் அவன் தொழிலன்று. அவன் செய்த உருவம் அற்புதங்கள் நிகழ்த்தியதாக மக்கள் நம்பியமையே.

1619இல் பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. அக்கோயிலின் கற்களே கோட்டைக்குச் சென்றன என்று எம் மூதாதையர் வழிவழியாகச் சொல்லிவந்தனர். இவ்வாறான கதைகளைக் கேட்டமாத்திரத்தே நம்புதலும் தவறு, கேட்டமாத்திரத்தே தள்ளுதலும் தவறு. கோட்டையினுட் கிடைத்த கற்றூண் ஒன்றிலே சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு இருந்தமை கண்டறியப்பட்டு, பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை 1971இல் ஆராய்ந்து வெளியிட்டார். கோயிற் கல் கோட்டைக் கல்லானதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். கருங்கல் இம்மண்ணிலே விளையாத பொருள். கருங்கல் தேவைப்பட்டவன் அதனைக் கடல்கடந்து கொணரவேண்டும், அல்லது ஏற்கெனவே கொணர்ந்து நிறுத்தியவனிடமிருந்து பறிக்கவேண்டும். பறிப்பதே மலிவு.

1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில், மூன்று மாதகால முற்றுகையின் பின்னர், கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. வென்ற படையோடு வந்த குருவாகிய பிலிப்பஸ் பால்டேயஸ் சில ஆண்டுகள் இங்கேயே தங்கி ஊர் ஊராகச் சென்றவர். 1672இல் அம்ஸ்டர்டாமிலே அவர் வெளியிட்ட நூல் அக்கால யாழ்ப்பாணத்தைப் பற்றி எமக்குக் கிடைத்துள்ள சிறந்த சாட்சிகளுள் ஒன்று. தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, சங்கானை, அச்சுவேலி, சாவகச்சேரி என்று கோயிற்பற்றுகளின் வரிசையை அவர் தருகின்றார். அவை பெரும்பாலும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவையே. ஒல்லாந்தர் சுரூபங்களை அகற்றினர்; சுவர்களுக்கு வெள்ளையடித்தனர்; கட்டடத்தை வைத்துக்கொண்டனர். மத விரோதம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் வியாபாரி நல்ல சுவரை இடிக்கமாட்டான்.

இதற்கு இன்னுமொரு சான்று மணி. ஒல்லாந்தத் தேவாலயத்திலே ஒலித்த மணியில் “யாழ்ப்பாணப் பட்டினத்து அற்புத மாதா” என்ற பொருள்பட போர்த்துக்கேய மொழியில் எழுத்துகளும் 1648 என்ற ஆண்டும் வார்க்கப்பட்டிருந்தன. மாதா வணக்கத்தை விக்கிரக வணக்கமென்று கண்டித்த பிரசங்கத்துக்கு, மாதாவின் பெயர் பொறித்த மணியே நூற்றாண்டுக்கு மேலாக மக்களை அழைத்தது. வெண்கலத்துக்குச் சமயபேதம் இல்லை.

போர்த்துக்கேயரின் கோட்டை சதுரமானது. ஒல்லாந்தர் அதனை இடித்து ஐங்கோணமாகக் கட்டினர். 1680ஆம் ஆண்டளவில் அது உருப்பெற்றது. ஐந்து முனைகளிலும் எழுந்த கொத்தளங்களுக்குத் தம் தாய்நாட்டு மாகாணங்களின் பெயர்களையே சூட்டினர்: சீலாந்து, ஒல்லாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், ஃபிரீஸ்லாந்து. பண்ணைக் கடலோரத்திலே ஒரு சின்ன நெதர்லாந்து! அதன் நடுவே ஒரு தேவாலயமும் வேண்டும் அன்றோ? கொமாண்டர் ஆடம் வன் டெர் டைன் என்பவரின் நிருவாகத்தில், 1706இல், அது எழுந்தது. திட்டமிட்டு நடத்தியவர் மார்ட்டினஸ் லூசெகாம் என்ற தலைமை நில அளவையாளர். வாயிலின் மேலிருந்த கல்லெழுத்து அவர் பெயரைத் தாங்கியிருந்தது. இலங்கையிலே ஒல்லாந்தர் தமக்கெனப் புதிதாகக் கட்டி, அண்மைக்காலம்வரை நிலைத்திருந்த தேவாலயங்களுள் இதுவே மூத்தது. கொழும்பிலுள்ள வுல்வெண்டால் தேவாலயம் இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இளையது. அது 1749இல் தொடங்கி 1757இல் நிறைவுற்றது.

கட்டடத்தின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். ஒல்லாந்தர் இதனை ‘கிறாய்ஸ் கேர்க்’ என்றழைத்தனர். சிலுவைக் கோயில் என்பது பொருள். ஆயின் கத்தோலிக்கக் கோயில்களிற் காணும் நீண்ட சிலுவையன்று இது. நான்கு கைகளும் ஏறத்தாழ ஒத்த நீளமுடைய கிரேக்கச் சிலுவை. நீண்ட கோயிலின் ஒரு கோடியில் பீடம் இருக்கும்; அடியார் மறுகோடியில் நின்று அதனை நோக்குவர்; கண்ணும் கால்களும் ஒரே திசையிற் செல்லும். சீர்திருத்தச் சபையாரோ பீடத்தை ஒழித்தவர்கள். அவர்களுக்கு வழிபாடென்பது காணுதலன்று, கேட்டல். பிரசங்கியின் குரல் எல்லாருக்கும் எட்டவேண்டும். அதற்கு ஏற்றது நாற்புறமும் மக்கள் அமர, நடுவே சொல் எழும் மண்டபமே. அம்ஸ்டர்டாமிலே 1620க்கும் 1623க்கும் இடையிற் கட்டப்பட்ட வடக்குத் தேவாலயம் இந்த எண்ணத்துக்குக் கல்லில் உருவம் கொடுத்தது. அதே எண்ணம் எண்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்துக்கு வந்துசேர்ந்தது.

வடிவம் அம்ஸ்டர்டாமுக்குரியது, உடல் இந்நாட்டுக்குரியது. சுவர்கள் முருகைக்கல். கடலில் வாழ்ந்து மடிந்த கோடானுகோடி நுண்ணுயிர்களின் கூடே முருகை. வெட்டியெடுக்கும்போது கோடரிக்கு இணங்கும். காற்றுப்பட்டு உலர உலர இறுகும். அதையே சூளையிலிட்டுச் சுட்டாற் சுண்ணாம்பு. ஆகவே கல்லும் கடல், கல்லை இணைத்த சாந்தும் கடல். முருகைச் சுவர் மென்மையானது. பாரத்தைத் தாங்கவேண்டுமாயின் தடிப்பாகவே எழுப்பவேண்டும். ஓரங்குலம் மெலிந்தாலும் ஆபத்து. ஒல்லாந்தக் கட்டடங்களின் சுவர்கள் வெப்பத்தைத் தடுப்பதற்காகவே அவ்வளவு பருமனாகக் கட்டப்பட்டன என்று வழிகாட்டிகள் கூறுவர். வெப்பத்தைத் தடுத்தமை உண்மையே. முதற் காரணம் கல்லின் தன்மை. சிலுவையின் கைகள் முடியும் இடங்களிலே சுருள் வளைவுகளோடு இறங்கிய முகட்டுச் சுவர்கள் நின்றன. உள்ளே அலங்காரம் குறைவு. வெள்ளைச் சுவர், மரத்தாலான பிரசங்க மேடை, தரை.

தரையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அத்தரையிற் கல்லறைப் பலகைகள் பதிக்கப்பட்டிருந்தன. குலச் சின்னங்களும் தலைக்கவசங்களும் மண்டையோடுகளும் செதுக்கிய கனத்த பலகைகள். வட மாகாண அரசாங்க அதிபராகவும் இருந்த பென்றி லூயிஸ் என்ற ஆங்கிலேயர், இலங்கையின் கல்லறை எழுத்துகளையெல்லாம் தேடித் திரட்டி 1913இல் ஒரு பெரும் பட்டியலாக வெளியிட்டார். அப்பட்டியலினால் இத்தரையிலே துயின்றவர்களை நாம் அறிவோம்: கம்பனியின் அதிகாரிகள், வியாபாரிகள், குருமார், அவர்களின் மனைவியர், பிறந்து சில திங்களில் இறந்த குழந்தைகள். அக்குழந்தைகளின் பெயர்களைப் படிக்கும்போது மனம் இளகாமலில்லை. வயிற்றோட்டமும் காய்ச்சலும் எசமானரையும் விடவில்லை. ஆயினும் இறந்தவனின் பெயரைக் கல்லிலே வெட்டுவதற்கு முதலிற் கல் வேண்டும். கருங்கல் இம்மண்ணில் இல்லை என்று முன்னரே கண்டோம். கப்பல் உடையவனே கல்லிற் பெயர் உடையவன்.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். கற்களைச் சுமந்தவர் யாவர்?

கம்பனியின் ஆட்சியிலே ‘ஊழியம்’ என்றொரு முறை இருந்தது. அது போர்த்துக்கேயரிடமிருந்தும், அவர்களுக்கு முன் எம் அரசரிடமிருந்தும் வழிவழியாக வந்தது. வேளாளரல்லாத பல சாதியினரும் சோனகர், செட்டிகள் போன்ற பிறரும் ஆண்டிலே பன்னிரண்டு நாள் அரசாங்கத்துக்குக் கூலியின்றி வேலைசெய்யவேண்டும். வரத் தவறியவர் தண்டம் இறுக்கவேண்டும். பன்னிரண்டு நாள் என்பது ஏட்டிலே சிறிதாகத் தோன்றும். கடற்றொழிலாளனுக்கு மீன்படும் பருவத்திலே பன்னிரண்டு நாள் என்பது யாது, குடும்பத்தின் உழைப்பெல்லாம் இரண்டு கைகளாக இருக்கும் நெசவாளனுக்குப் பன்னிரண்டு நாள் என்பது யாது என்பதை அவரவர் குடிசையில் நின்றுதான் கணக்கிடவேண்டும். கோட்டையின் அகழியும் மதிலும் கிடங்கும் இம்முறையினாலேயே எழுந்தன. ஆண்டவனின் வீடென்பதற்காகத் தேவாலயத்துக்கு வேறு விதி வகுத்திருப்பர் என்று கொள்ள நியாயமில்லை.

ஊழியகாரருக்குக் கீழே அடிமைகள். 1694 முதல் 1697 வரை யாழ்ப்பாணத்திலே கொமாண்டராக இருந்து, பின்னர் பத்தாவியாவில் மகாதேசாதிபதியாக உயர்ந்த ஹென்றிக் ஸ்வார்டெக்குறோன், தமக்குப் பின்வருவோருக்காக எழுதிவைத்த அறிவுரைக் குறிப்பு அச்சில் உள்ளது. வரி, யானை, பனைமரம், சாயவேர், சங்கு என்பவற்றோடு ஊழியமும் அடிமைகளும் அதிலே ஒரே தொனியிற் பேசப்படுகின்றன. அவ்வாண்டுகளிலே தஞ்சைப் பக்கத்தில் யுத்தமும் பஞ்சமும். 1694க்கும் 1696க்கும் இடையில் மட்டும் சோழமண்டலக் கரையிலிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர் இலங்கைக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். விற்றவர் யார்? பசியாற் பெற்றோர் பிள்ளைகளை விற்றனர். விலைக்கு வாங்கியவர் வெள்ளையர் மட்டுமல்லர். இவர்கள் வந்திறங்கி ஒரு தலைமுறைகூட ஆகுமுன்னரே சிலுவைக் கோயிலின் அத்திவாரம் வெட்டப்பட்டது.

அந்த 1706ஆம் ஆண்டிலேதான் இன்னொரு கட்டடத்துக்கும் அத்திவாரம் இடப்பட்டது. இது கல்லாலன்று, எழுத்தாலாயது. தேசாதிபதி கொர்னேலிஸ் யொவான் சீமோன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் எம்மவரின் வழக்கங்களைத் தொகுக்கத் தலைப்பட்டார். 1707 சனவரியில் அத்தொகுப்பு நிறைவெய்தியது. தமிழிலே பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டப்பட்டது. அவர்கள் படித்து இசைவு தந்தனர். அவ்வாண்டு இறுதியில் அது சட்டமாயிற்று. தேசவழமை என்று நாம் இன்றும் கூறுவது இதனையே. சீதனம், முதுசம், தேடியதேட்டம், ஈடு என்பவற்றைப் பற்றி அதிலுள்ள விதிகளை எமது சட்டத்தரணிகள் இன்றும் நீதிமன்றத்திற் பேசுகின்றனர். அதே ஏட்டில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று நான்கு பிரிவினர் அதிலே அடிமைகளாகப் பெயர் சுட்டி எழுதப்பட்டனர்.

ஊர்வழக்கமாக, இடத்துக்கிடம் ஆளுக்காள் வேறுபட்டு, இணங்கியும் பிணங்கியும் நடந்துவந்த ஒரு கொடுமை, எழுத்தில் ஏறியதும் இறுகிவிட்டது. முருகைக்கல் காற்றுப்பட்டு இறுகுவதுபோல. முன்னர் ஓர் ஊரில் ஒருவன் நடைமுறையிலே விடுபட்டிருக்கலாம். இன்னோர் ஊரில் கட்டு நெகிழ்ந்திருக்கலாம். இனிமேல் எசமான் நீதிமன்றத்துக்குச் சென்று ஏட்டைக் காட்டலாம். அந்நியன் எம்மீது திணித்தான் என்று இதனை முழுவதும் அவன் தலையிற் சுமத்திவிட எம்மிற் சிலர் விரும்புவர். ஏட்டைத் தொகுத்தவன் அந்நியன். படித்துப்பார்த்துச் சரியென்று கூறியவர்கள் எம்மவர். எழுத்தாணி இரு கைகளிலும் மாறிமாறி இருந்தது. அந்நியாட்சியை எதிர்த்து எழுதும்போது நாம் உரத்துப் பேசுகின்றோம். இவ்விடத்துக்கு வந்ததும் எமது குரல் தாழ்ந்துவிடுகின்றது. தேசியம் பேசுவோர் மட்டுமல்ல, முற்போக்குப் பேசுவோரும் இதற்கு விலக்கல்லர்.

இத்தேவாலயத்தின் உள்ளே எம் மக்கள் எவ்வளவு தூரம் சென்றனர்? கோட்டைத் தேவாலயம் அடிப்படையிலே கம்பனியாருக்கும் படையினருக்கும் உரியது. ஊரவருக்குரியவை கோயிற்பற்றுத் தேவாலயங்களும் அவற்றோடிணைந்த பள்ளிக்கூடங்களும். அங்கே உபாத்தியாயர்தான் உண்மையான குரு. ஞானஸ்நானம், விவாகம் எல்லாவற்றையும் தோம்பிலே பதிந்தவர் அவரே. பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளையின் பெற்றோரிடம் தண்டம் அறவிடப்பட்டது. விவாகம் செல்லுபடியாவதற்கும், முதுசம் தடையின்றிப் பிள்ளைகளைச் சேர்வதற்கும், உத்தியோகம் பெறுவதற்கும் தோம்பிலே பெயர் இருத்தல் அவசியம். ஆகவே மக்கள் காலையிலே தோம்புக்காகக் கிறிஸ்தவராகவும் மாலையிலே வீட்டிற் சைவராகவும் வாழ்ந்தனர். நல்லூரிலே இடிக்கப்பட்ட கந்தசுவாமி கோயில் ஒல்லாந்தர் காலத்திலேயே, பதினெட்டாம் நூற்றாண்டில், மீண்டும் எழுந்தது. எழுப்பிய இரகுநாத மாப்பாண முதலியார் கம்பனியின் காசுப் பொறுப்பிலே உத்தியோகம் பார்த்தவர் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

எமது பேச்சுமொழி இக்கதையை வேறொரு வகையிலே சொல்லுகின்றது. ஒல்லாந்தரிடமிருந்து யாழ்ப்பாணத் தமிழ் பெற்ற சொற்கள் எவை? கந்தோர். நொத்தாரிசு. லாச்சி. துட்டு. எல்லாம் கணக்கும் பத்திரமும் பணமும் பற்றியவை. பிரார்த்தனை பற்றிய சொல் ஒன்றையேனும் எமது ஊர்வழக்கிலே காணுதல் கடினம். நூற்று முப்பத்தேழு ஆண்டுகள் ஒரு சமயத்தைப் போதித்தவர்கள், போனபின் விட்டுச்சென்றது மேசை லாச்சியை! தமிழ் இலக்கியத்தின் பக்கத்தில் நின்று நோக்கும்போது ஒரு விதிவிலக்கைக் கூறாமல் விடுதல் நன்றியன்று. கொழும்பிலே பிறந்து யாழ்ப்பாணத்திலே குருவாகப் பணியாற்றிய பிலிப்பு தெ மெல்லோ புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். 1759இல் கொழும்பிலே அது அச்சேறியது. ஒல்லாந்தச் சபையிற் குருப்பட்டம் பெற்ற முதற் சுதேசியும் அவரே. தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுவோர் அவருக்கு ஒரு பந்தியை ஒதுக்குவதே அரிதாயிருக்கின்றது.

1795 செப்தெம்பரில் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. தேவாலயம் கட்டப்பட்டுச் சரியாக நூறு ஆண்டு கழிந்த 1806இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த கிளோடியஸ் புக்கானன் என்ற ஆங்கிலக் குரு, கோயிற்பற்றுகளின் தேவாலயங்கள் பாழடைந்து கிடந்தமையையும், மாகாணம் முழுவதற்கும் தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழ்ப் போதகர் ஒருவரே இருந்தமையையும் கண்டு வருந்தி எழுதினார். தோம்பின் அதிகாரம் போனதும் தோம்புக் கிறிஸ்தவமும் போயிற்று. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்தபோது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கூரையிழந்த ஒல்லாந்தச் சுவர்களையே பெற்றுக்கொண்டு தொடங்கினர். வட்டுக்கோட்டைச் செமினரி பிறந்தது அத்தகைய சுவர்களின் நிழலிலேயே.

கோட்டைச் சிலுவைக் கோயில் மட்டும் கட்டுக்குலையாது நின்றது. மதிலுக்குள்ளே இருந்தமை அதன் பாதுகாப்பு. அதுவே அதன் தனிமை. சுற்றிலும் ஆங்கிலேயரின் கந்தோர்களும் வாசஸ்தலங்களும் சிறைச்சாலையும். பின்னாளிலே நாவலாசிரியராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப், 1905இல் இளம் சிவில் உத்தியோகத்தராக வந்திறங்கி இக்கோட்டையினுள்ளேதான் குடியிருந்தார். தேவாலயத்தின் முகட்டையும் தூக்குமேடையையும் ஒரே மதில் சுற்றிநின்றது.

தேசவழமையின் அடிமைப் பகுதிக்கு என்ன நேர்ந்தது? ஆங்கிலேயர் அடிமைகளைப் பதிவுசெய்தனர்; பின்னர் சிறிது சிறிதாக விடுதலை வாங்க வழிவகுத்தனர்; 1844இல் அடிமைமுறை இலங்கையிற் சட்டப்படி முற்றாக ஒழிந்தது. ஏட்டிலே ஒழிந்தது எனலே பொருந்தும். 1966 ஒக்ரோபரில் சுன்னாகத்திலே தீண்டாமைக்கெதிராக ஊர்வலம் சென்றோர்மீது பொலிஸ் தடியடி விழுந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே மக்கள் நின்று கதவைத் தட்டினர். 1707இல் பெயர் எழுதப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களிற் பலர். சிலுவைக் கோயில் அப்பொழுதும் முழுமையாக நின்றது. அதனைப் பழமைச் சின்னம் என்று பாராட்டி எழுதியவர்கள், அதே பழமையின் இன்னொரு சின்னம் கோயில் வீதிகளிலே உயிரோடு உலாவியதைத் தொடர்புபடுத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முடிவு விரைவிலே வந்தது. எண்பதுகளிற் கோட்டை இராணுவ முகாமாயிற்று. அதற்கெதிரே, 1981 யூன் மாதத் தொடக்கத்தில் எரியூட்டப்பட்ட பொதுநூலகத்தின் கரிந்த சுவர்கள் நின்றன. 1990 யூன் முதல் செப்தெம்பர் வரை கோட்டையைப் புலிகள் முற்றுகையிட்டனர். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வானிலிருந்தும் குண்டுகள் பாய்ந்தன. செப்தெம்பர் இறுதியிற் படையினர் வெளியேறினர். இருநூற்றெண்பத்து நான்கு ஆண்டு நின்ற சிலுவைக் கோயில் அப்போரோடு இடிபாடாயிற்று. யாருடைய குண்டு எந்தச் சுவரை வீழ்த்தியது என்ற வழக்கிலே நான் இறங்கப்போவதில்லை. அந்த மாதங்களிலே பண்ணையையும் கொட்டடியையும் விட்டு மூட்டை முடிச்சோடு ஓடிய குடும்பங்கள் கட்டடத்துக்காக அழவில்லை. அழுவதற்கு அவர்களுக்கு வேறு இருந்தது.

போர் ஓய்ந்தபின், நெதர்லாந்து அரசின் உதவியோடு தொல்லியல் திணைக்களத்தார் கோட்டையின் மதில்களைச் செப்பனிடத் தொடங்கினர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து நடத்திய அகழ்வுகள், ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இவ்விடம் கடல்வணிகத்தோடு தொடர்புபட்டிருந்தது என்பதை மட்பாண்டத் துண்டுகளால் நிறுவின. மகிழ்ச்சியே. தேவாலயத்தையும் பழையபடி எழுப்பவேண்டும் என்போர் உளர். இடிபாட்டை இடிபாடாகவே காக்கவேண்டும் என்போரும் உளர். இரண்டுக்கும் நியாயமுண்டு. என் விருப்பம் பின்னதன் பக்கமே. புதிய சீமெந்திலே எழும் பழைய முகடு 1990ஐ மறைத்துவிடும். அந்த ஆண்டும் இக்கட்டடத்தின் வரலாறுதான். எதைச் செய்தாலும், வருவோர் படிக்கும் வகையிலே ஒரு பலகை நாட்டப்படும். அதிலே வன் டெர் டைன் பெயர் இருக்கும். லூசெகாம் பெயரும் இருக்கும். இருக்கட்டும். நல்ல அளவையாளன் அவன். அவற்றின் கீழே, ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் ஊழியம் செய்தோர் கடலிலே வெட்டிச் சுமந்த முருகைக்கல் இது என்றும், இது எழுந்த வேளையிலே நான்கு பிரிவினர் இவ்வூரிலே அடிமைகளென்று சட்டத்தில் எழுதப்பட்டனர் என்றும் இரண்டு வரிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சேர்ப்பதற்கு என்ன தடை? கல்லிற்கூட வெட்டவேண்டியதில்லை, வர்ணத்தாலெழுதினாற் போதும்.

இவ்வளவையும் அன்று நான் மாணவனுக்குச் சொல்லவில்லை. பஸ் காத்திருந்தது. “அவையள் சுமக்கேல்லை, எங்கட ஆக்களைக் கொண்டு சுமப்பிச்சவை” என்றேன். “எங்கட ஆக்கள் எண்டா ஆர், சேர்?” என்று கேட்டுவிட்டு அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னர் காலடியிற் கிடந்த முருகைக்கற் துண்டொன்றை எடுத்து, அதிலே பதிந்திருந்த சிறு சிப்பியைப் பக்கத்திலிருந்தவனுக்குக் காட்டினான். திரும்பவும் சுவரிலேயே வைத்துவிட்டு வருமாறு கூறினேன். வைத்துவிட்டு வந்தான்.